பஞ்சில் வந்த செங்கல்

ஏழு மாதம் ராக்கெட்டில் பஞ்சுக்குள் படுத்தபடியே செவ்வாய்க் கிரகத்துக்கு வந்து சேர்ந்தது, பூமியிலிருந்து ஒரு செங்கல்.

"வந்துட்டேன். இனி வீட்டு வேலையை ஆரம்பிக்கலாம்" என்றது.

இன்ஜினியர் பூங்கோதை அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பூஜை போட்டு, ஓரமாக உட்காரவைத்தாள். பிறகு அங்கேயே மண்ணை அள்ளி, நாலாயிரம் கல் அறுத்து, வீட்டைக் கட்டி முடித்தாள்.

மிச்சமான ஒரு செவ்வாய்க் கல் கேட்டது: "அண்ணே, நீங்க எந்தச் சுவர்?"

"நான் பூஜைக்கு வந்தவன்."

ஊர் திரும்பும் நாளில், பூங்கோதை அந்தச் செவ்வாய்க் கல்லை அதே பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

"பாத்தீங்களாண்ணே, பூமியில வீடு கட்ட நான் வேணுமாம்" என்றது அது பூரிப்போடு.

"போயிட்டு வா தம்பி. குங்குமம் வைக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கோ. எரியும்."