முட்டுக் கொடுத்த கல்

மரங்கள் அடர்ந்த சரிவில், கேரவன் வண்டிகள் வந்து தங்கிப் போக ஒரு சின்ன இடம் இருந்தது. சரிவின் அடியில் குளம். அங்கே வந்து நின்ற வெள்ளைக் கேரவனின் பின்சக்கரத்துக்கு டிரைவர் ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

"கல்லண்ணே, இருக்கீங்களா?" என்றது கேரவன்.

"இருக்கேன்."

காற்றில் இலை அசைந்தாலும் கேரவன் மறுபடி அதையே கேட்டது. உள்ளே தங்கியிருந்த குழந்தைகள் குதித்தால் அதன் குரல் நடுங்கியது. "விட்டுட மாட்டீங்களே?"

"மாட்டேன்டா. நீ நிம்மதியா மரத்தைப் பாரு."

மூன்று நாளும் கேரவன் குளத்தைத்தான் பார்த்தது. நான்காம் நாள் டிரைவர் வண்டியைக் கிளப்பினார். கேரவன் மேட்டில் ஏறி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

எல்லாவற்றையும் கிளையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அணில் இறங்கி வந்தது. "எப்படித்தான் பயப்படாம இருந்தீங்களோ!"

"யாரு, நானா?" என்றது கல். "அவன் அழுத்திக்கிட்டு நின்ன வரைக்கும் நானும் உருளல."

கல்லுக்கு அடியில் கொஞ்சம் மண் சரிந்தது.

"அணிலு, கொஞ்ச நேரம் என்மேல ஏறி உட்காரேன்."