பதினெட்டு நிமிடங்கள்

சிட்னியில் அந்த ரக்பி கிளப்பின் சட்டம் அது: ஒரு நிமிஷம் தாமதமானால், மணல்மூட்டையைச் சுமந்துகொண்டு மைதானத்துப் புல்மேட்டில் ஒரு தடவை ஏறி இறங்க வேண்டும். கியோ பதினோராவது தடவை இறங்கி வந்தான்.

“போதும்டா, முட்டி கழண்டுடும்,” என்றான் பிசியோதெரபிஸ்ட் மர்ரே.

“பதினெட்டு நிமிஷம் லேட். இன்னும் ஏழு இருக்கு.”

“பசங்க எல்லாரும் பாத்துட்டு நிக்கிறாங்கடா.”

“பாக்கட்டும். போன வாரம் நம்ம டீம் பையன் சேமிசி லேட்டா வந்து, மூட்டையோட விழுந்து விழுந்து ஏறினப்பவும் பாத்துட்டுத்தானே நின்னாங்க?”

மர்ரே குரலைத் தாழ்த்தினான். “சட்டம் போட்ட கோச்சே நீதான். உன்னை யாரு கேக்கப் போறா? அதுவும் நீ ஒருநாளும் லேட்டா வந்ததில்லையே!”

கியோ மூட்டையை இறக்காமலே நின்றான்.

“அன்னிக்கு சாயங்காலம் சேமிசி எனக்கு போன் பண்ணான். தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சத்தான் கூப்பிடறான்னு நான் எடுக்கல. பதினெட்டு நிமிஷம் கழிச்சுத்தான் திருப்பிக் கூப்பிட்டேன்.”

“அப்ப போனை யாரு எடுத்தா?”

“அவங்கம்மா எடுத்தாங்க. ‘நெஞ்சு வலிக்குதுன்னானே, என் புள்ளை போயிட்டானே’ன்னு அலறினாங்க.”

கியோ மேட்டின் பக்கம் திரும்பினான். மர்ரே அவனைத் தடுக்கவில்லை.