சோபா பிள்ளை

தாஹிர் பிசைந்த மாவின் மேல் ஈரத்துணியைப் போட்டு மூடினார். அரை மணித்தியாலம் அது தூங்கட்டும் என்றார்.

அவருடைய மனைவி பரீதா குசினி வாசலில் நின்றாள்.

இருபத்திரண்டு வருடம் கப்பல்களில் சமைத்தவர் வீட்டுக் குசினிக்குள் வந்தது இன்றைக்குத்தான். ஒரேயடியாகத் திரும்பி வந்து இரண்டு மாதமாகிறது. காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது, இத்தனை காலம் உனக்குக் காட்டாத ஒன்று இருக்கிறது, இன்றைக்குக் காட்டப்போகிறேன் என்று சொல்லியிருந்தார்.

அது என்னவென்று பரீதாவுக்குத் தெரியும். ஒன்பது வருடமாகத் தெரியும்.

அப்போது அவர் விடுமுறையில் வந்திருந்தார். அழுக்கு உடுப்பு எடுக்க அவருடைய பையைத் திறந்தாள். உள்ளே ஒரு கொப்பி. துறைமுகத்தின் பெயர், திகதி, மழை, காற்று, யாருக்குக் காய்ச்சல் என்று ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு வரி. ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கூட எழுதியிருந்தது.

'மார்ச் 9. ஹூஸ்டன். சோபா பிள்ளை. கையில் வாங்கினேன். பாரமே இல்லை. தேன் வைத்தேன். கண் கலங்கிவிட்டது. வீட்டில் சொல்ல வேண்டும்.'

பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பது தகப்பன்தான் என்று அவளுக்குத் தெரியாதா?

சோபா யாரென்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கொப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உடுப்புகளைத் துவைத்துக் காயப்போட்டாள். அந்த வருடம் முழுக்க, கடலிலிருந்து அவர் கதைத்ததற்கெல்லாம் ஓம், இல்லை என்று மட்டும் சொன்னாள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் அவளைப் 'புள்ள' என்று கூப்பிடுவார். அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

அவர் சொல்லும் நாளுக்கென்று அவள் ஒரு பதில் வைத்திருந்தாள். தையல் மெசினில் குனிந்திருக்கும்போதும், அலுமாரியின் அடித்தட்டைப் பூட்டும்போதும் அதை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். முதல் வருடம் அது நீளமாக இருந்தது. பிறகு தேய்ந்து தேய்ந்து ஒரே வரியாகிவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே உள்துறைமுகம் வெயிலில் அசையாமல் கிடந்தது. கோதுமைக் கப்பல் ஒன்று கரையோடு நின்றது.

சில பகல்களில் அந்தப் பிள்ளை அவள் கண்ணுக்குள் தெரியும். கோட்டைப் பக்கம் திரியும் மானுக்கு வாழைப்பழத் தோலை நீட்டிக்கொண்டு நிற்கும். முகம் மட்டும் ஒருநாளும் இந்தப் பக்கம் திரும்பாது.

தாஹிர் துணியை எடுத்தார். மாவை உருட்டித் தட்டையாக்கி, சதுரம் சதுரமாக வெட்டினார். ஒரு துண்டை எண்ணெயில் விட்டார்.

அது கொஞ்ச நேரம் அடியில் கிடந்தது. பிறகு மேலே வந்து, மூச்சை உள்ளிழுத்ததுபோல் ஊதிக்கொண்டது.

"இஞ்ச வா புள்ள. கையை நீட்டு."

அவள் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். வேறெப்படி வாங்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை. சின்னத் தலையணை மாதிரி, சூடாக இருந்தது. பாரமே இல்லை.

"இதுதான் சோபாபிள்ளை," என்றார். "எழுத்தைப் பாத்தா சோபாபில்லா. அவனுகள் சொல்றது வேற என்னவோ. என்ட வாயில வந்தது இதுதான்."

பிறகு சொல்லிக்கொண்டே போனார். ஹூஸ்டனில் கப்பல் பழுதாகிப் பதினொரு நாள் நின்றது. கரையில் ஒரு சமையற்காரன் இதைச் செய்து கையில் கொடுத்தான். தேன் விட்டுக் கடித்ததும் அவருக்கு இவளுடைய நினைப்பு வந்துவிட்டது. கப்பலில் எத்தனையோ தரம் செய்து பார்த்தார், எல்லாம் தட்டையாகவே வெந்தது. ஊதி வராததைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைக்க வெட்கமாக இருந்தது. போன வருடம்தான் கைப்பக்குவம் பிடிபட்டது.

ஒரு மூலையைப் பிய்த்து உள்ளே தேனை ஊற்றினார். ஆவி வெளியே வந்தது. உள்ளே ஒன்றும் இருக்கவில்லை.

அவள் கடித்தாள். இனித்தது.

சந்தோசப்பட வேண்டிய நேரம் இது என்று அவளுக்கு விளங்கியது. அது வரட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே கோதுமைக் கப்பல் ஒருமுறை ஊதி ஓய்ந்தது.

எண்ணெயில் இன்னும் நான்கு துண்டுகள் ஊதிக்கொண்டிருந்தன. தாஹிர் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"எண்ணெய் வடிய பழைய சீலைத்துண்டு இரிக்கா புள்ள? பேப்பரில வச்சா மை ஒட்டும்."

அவள் அறைக்குப் போனாள். அலுமாரிக்கு முன்னால் குந்தி, அடித்தட்டின் பூட்டைத் திறந்தாள்.

ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் ஒன்றென்று தைத்த கவுன்கள். ஒவ்வொரு தடவையும் துணிக்கடையில், குறிஞ்சாக்கேணியில் இருக்கும் தம்பி மகளுக்கு என்று சொல்லியிருந்தாள். ஆக அடியில் இருந்த வெள்ளைக் கவுனின் கை அவளுடைய விரல் நீளம்தான். ஆக மேலே இருந்தது ஒன்பது வயதுக்கு அளவானது. அதன் விளிம்பு மட்டும் இன்னும் மடித்துத் தைக்காமல் கிடந்தது.

ஒரே வரியாகத் தேய்ந்திருந்த பதிலை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்க.

குசினியிலிருந்து அவர் மறுபடியும் கூப்பிட்டார்.

அவள் தட்டைப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு போய் வாசலில் நின்றாள்.

"பழசு ஒண்டும் இல்ல," என்றாள். "எல்லாம் புதுசு."