ஆம்பளை அலற மாட்டான்

ரிச்சர்ட்ஸ் டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் 'பேய் பங்களா' வானொலித் தொடர் பதிவாகிக்கொண்டிருந்தது. பேயைக் கண்டதும் நாயகன் அலற வேண்டும். நாயகனாகப் பேசிய எட்வின் மறுத்துவிட்டார்.

"ஆம்பளை அலற மாட்டான். ஷெரின் அலறட்டும்."

நாயகி ஷெரின் ஒன்பது முறை அலறினாள்.

"இதெல்லாம் ஒரு அலறலா? ஆளை மாத்துங்க" என்றார் எட்வின்.

ஷெரினின் கண் கலங்கியது. ஒலிப்பதிவாளர் யமுனாவுக்குப் பொறுக்கவில்லை. கணினியில் தேடி ஓர் அலறலை ஓடவிட்டாள். கூடமே அதிர்ந்தது.

"இதுல்ல பொம்பளை அலறல்! யாரும்மா இவங்க? உடனே வரச் சொல்லு!"

"நீங்கதான் சார். பேசி முடிச்சாலும் மைக்கை உடனே அணைக்க மாட்டோம். நேத்து உங்க தோள்ல பல்லி விழுந்துச்சே, அப்ப பதிவானது. சுருதிகூட ஏத்தலை."

எட்வின் தொண்டையைச் செருமினார்.

"ஷெரினே இருக்கட்டும்."