போன் அலமாரி

அந்தக் கடற்கரை யோகா விடுதியில் சேர்ந்ததுமே போனை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். ஆண்களுடையது மேல்தட்டில், பெண்களுடையது கீழ்த்தட்டில். தங்குவதும் தனித்தனிக் கட்டிடம்தான். இடையில் தலைகீழாக நின்றாலும் போன் கிடைக்காது. தினமும் பலர் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

நேற்றிரவு வந்த மீசைக்காரர் காலையிலேயே வரவேற்பு மேசைக்கு வந்துவிட்டார்.

"ஒரே ஒரு கால்ம்மா. ஆபீஸ் டிரெயினிங்னு வீட்டுல புளுகிட்டு வந்திருக்கேன். பேசலைன்னா என் பொண்டாட்டி பயந்துடுவா."

"ரூல்ஸ் சார்."

"பாவம்மா அவ. நான் இல்லாம வாசப்படியைக்கூடத் தாண்ட மாட்டா."

வரவேற்புப் பெண்ணுக்கு மனசு இளகிவிட்டது. அலமாரியைத் திறந்து அவர் போனைக் கொடுத்தாள். அவர் அழைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார்.

கீழ்த்தட்டில் அணைக்க மறந்த போன் ஒன்று அதிர்ந்தது. திரையில் 'வீட்டுக்காரர்' என்று எழுத்து. அதற்கு மேலே போட்டோவில் அதே மீசை. அவள் சட்டென்று கதவைச் சாத்தினாள்.

"எடுக்கல. சமையக்கட்டுல மாட்டிக்கிட்டு அல்லாடுவா, பாவம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இருக்கும் சார்." அலமாரியைப் பூட்டினாள். "சாயங்காலம் மணல்ல ஆம்பளைங்க, பொம்பளைங்க எல்லாருக்கும் ஒண்ணா வகுப்பு. மறக்காம வந்துடுங்க."