குறைத்துக் காட்டும் மீட்டர்

அடுத்தவர் பேச்சை முடிக்கவிட்டால் தன் மதிப்பு குறைந்துவிடும் என்று நினைப்பவர் அந்த ஆலை முதலாளி. புது மீட்டர் வாங்க அனுமதி கேட்டுப் போன மின் பொறியாளர் அன்றும் அவரிடம் மாட்டிக்கொண்டாள்.

“வெல்டிங் மிஷின் ஓடுறதால மூணு ஃபேஸ்லயும் கரண்ட் அலை கோணல்மாணலா வருது, சார். அதையும் சேர்த்து அளக்கிற மீட்டர் வேணும். விலை கொஞ்சம் கூட.”

“மலிவானதைப் போட்டா?”

“கோணலைச் சரியா அளக்காது. ஓடுறதைவிடக் குறைச்சுத்தான் காட்டும். அந்த லைன்ல...”

“குறைச்சுக் காட்டுமா?” முதலாளியின் முகம் மலர்ந்தது. “பில்லு குறையும்னா கசக்குதா உனக்கு? நீயெல்லாம் படிச்சு என்னம்மா பிரயோஜனம்?”

“இல்ல சார், இந்த மீட்டர் எதுக்குன்னா...”

“எனக்குப் பாடம் எடுக்காதே. மலிவானதையே மாட்டு.”

மாட்டினாள். இந்த ஆளோடு மல்லுக்கட்ட அவளுக்கென்ன தலையெழுத்தா?

மறுநாள் பார்க்க வந்த முதலாளி நெற்றியைச் சுருக்கினார்.

“மீட்டரை எதுக்குப் பின்பக்கச் சுவர்ல மாட்டியிருக்கே?”

“நம்ம ஜெனரேட்டர்லேருந்து பக்கத்துப் பட்டறைக்கு நாம விக்கிற கரண்ட்டை அளக்கத்தானே சார் இது” என்றாள் அவள். “பட்டறைக்காரர் காலையிலயே வந்து, சந்தோஷமா சீல் வச்சுட்டுப் போயிட்டார்.”