பத்து நாள் சாப்பாடு

பிரசவத்தில் ஆண் குழந்தை தவறிப்போய் ஒரு மாதம் கழித்து, அபிஷா சங்கரன்கோவில் ஆய்வகத்துக்கு வேலைக்குத் திரும்பினாள். குழந்தையின் தொப்புள்கொடியை ஆய்வுக்கென்று அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். அதிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள் அங்கே ஒரு குப்பியில் வளர்ந்தன. அவனுடையதென்று மிச்சம் அது ஒன்றுதான்.

“வந்ததும் வராததுமா சொல்லுதேன்னு நெனைக்காத மக்கா,” என்றாள் கூட வேலை பார்க்கும் அப்ரீன் பானு. “சப்ளிமென்ட் பத்து நாளா வரல. சாப்பாடே போடல. செத்திருக்கும்.”

செல்களுக்கு சப்ளிமென்ட் கலந்த வளர்ச்சித் திரவம் ஊற்றுவதை அவர்கள் சாப்பாடு போடுவது என்றுதான் சொல்வார்கள்.

அபிஷா அலுப்போடு குப்பியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். இடமில்லாமல் செல்கள் நிறைந்திருந்தன.

“யாருக்கா ஊத்துனது?”

“யாருட்டி ஊத்துவா? லேப் சாவி என் பையிலதான் கெடக்கு.”

மத்தியானம் மதுரையிலிருந்து சப்ளிமென்ட் பார்சல் வந்தது. அப்ரீன் பாட்டிலைத் திறந்தாள்.

“ஏட்டி, நீ ஏன் இப்படி வெளுத்துக் கெடக்க? தூங்கலையா?”

“நின்ன பாலு பத்து நாளா திரும்ப ஊறுதுக்கா. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா மாரு கட்டும். நான் பீச்சுறதுக்குள்ள தானா வத்திரும்.”

அப்ரீன் குப்பியில் ஊற்றப் பிப்பெட்டை எடுத்தாள். அபிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப வேண்டாம்க்கா. இப்பதான் குடிச்சான்.”